கிடந்து கெடும் கார்கள்: தக்கலை மெக்கானிக்கிடம் சில கேள்விகள்

தக்கலையில் பட்டறை போட்டு 26 வருஷம் ஆகிறது. கார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே எதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி "எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை" என்றுதான் ஆரம்பிக்கிறது. கிலோமீட்டர் முக்கியம்தான். ஆனால் நம்ம மாவட்டத்தில் ஓடித் தேய்ந்து பட்டறைக்கு வரும் காரைவிடக் கிடந்து கெட்டு வரும் கார்தான் அதிகம். கடலோரம் உப்புக்காற்று, மலையோரம் காயாத ஈரம், ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. மீட்டரோடு காலண்டரையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய ஊர் இது.

கருங்கல், இப்போது மஸ்கட்: அண்ணே, வருஷத்துக்கு ஒரு மாசம்தான் லீவில் வருகிறேன். மற்ற நாளெல்லாம் கார் ஷெட்டில் கிடக்கிறது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டார்ட் செய்து 5 நிமிஷம் உறும விட்டு அணைத்துவிடுவார். இது போதுமா?

போதாது தம்பி. அப்பா பாசத்தில் செய்வது காருக்குக் கெடுதலாகத்தான் முடிகிறது. ஒருமுறை ஸ்டார்ட் செய்ய பேட்டரியிலிருந்து எடுக்கும் கரண்ட், 5 நிமிஷம் நின்ற இடத்தில் ஓடினால் திரும்ப ஏறாது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். சூடேறுவதற்கு முன்பே அணைத்தால் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பது இப்படித்தான்.

இரண்டு வழி இருக்கிறது. ஓட்டத் தெரிந்த மச்சானோ சித்தப்பா மகனோ இருந்தால், பத்து நாளைக்கு ஒருமுறை தேங்காப்பட்டணம் வரை போய்வரச் சொல்லுங்கள். அரைமணி நேரம் ஓடினால் எஞ்சின், பேட்டரி, பிரேக், டயர் எல்லாவற்றுக்கும் நல்லது. ஆள் கிடைக்காவிட்டால் ஸ்டார்ட்டே செய்யவேண்டாம், முறையாக நிறுத்திவிட்டுப் போங்கள். காரை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். டேங்கை நிரப்புங்கள், காலி இடம் இருந்தால் அதில் ஈரக்காற்று நிற்கும். டயரில் வழக்கத்தைவிட 5 பாயிண்ட் காற்று கூட வையுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். அதற்கு முன் சாவி உங்கள் கையில் இருக்கிறதா, அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பிக் கதவைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட்டை மட்டும் நம்பி, பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கதவைப் பூட்டியவர்கள் உண்டு.

ஹேண்ட் பிரேக் போடவே கூடாது. முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். நம்ம ஊர் ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷம் ஹேண்ட் பிரேக்கில் கிடந்த காரை எடுக்க இரண்டு பேர் சுத்தியலோடு அரைநாள் உட்கார்ந்திருக்கிறோம். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். துணி கவர் போதும்.

அப்புறம் எலி. அதே ஷெட்டில் தேங்காயும் நெல்மூட்டையும் போட்டு வைத்துவிட்டு வயரைக் கடித்துவிட்டது என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. புகையிலை கட்டி வைப்பார்கள். புது வாசனை இருக்கும்வரை சரி, வாசனை போனபிறகு எலி அதன்மேலேயே குட்டி போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஷெட்டைக் காலியாக வைப்பதும், அப்பா வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பதும்தான் மருந்து.

குளச்சல், மீன் வியாபாரம்: அண்ணாச்சி, டிக்கியில் மீன் பெட்டி ஏற்றுவேன். நாலு வருஷ வண்டிதான், ஸ்டெப்னி வைக்கும் குழியில் விரல் வைத்தால் தகடு உதிர்கிறது. அடியில் கோட்டிங் அடித்தால் நிற்குமா?

துருவின்மேல் கோட்டிங் அடித்தால் துருவுக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு அரிப்பு இன்னும் வேகமாகும், நீங்களோ வெளியே கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். முதலில் துருவை வெறுந்தகடு தெரியும்வரை சுரண்டி, உதிரும் இடத்தை வெட்டிப் புதுத்தகடு பற்றவைத்து, பிரைமர் அடித்து, அதற்குப் பிறகுதான் கோட்டிங்.

காரணம் ஐஸ் உருகி வடியும் தண்ணீர். அதில் உப்பு இருக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால் தகடு காயவே காயாது. மடிப்பில்லாத பெரிய பிளாஸ்டிக் ட்ரே ஒன்றை டிக்கியில் போட்டு அதற்குள் பெட்டியை வையுங்கள். ஸ்டெப்னிக் குழியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். லோடு இறக்கியதும் அதைக் கழற்றி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, டிக்கியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.

மீன் ஏற்றாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முட்டம், குறும்பனை, மணவாளக்குறிச்சி என்று கடலோரம் வீடு இருந்தால் மாசம் ஒருமுறை வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். கடலோர போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். நாலு கதவின் அடி விளிம்பிலும் சின்னத் துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் போதும்.

நாகர்கோவில், பள்ளி ஆசிரியை: வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர். வருஷத்துக்கு 3,000 கூட ஓடுவதில்லை. 10,000 ஆகும்வரை ஆயில் மாற்ற வேண்டாம்தானே?

வேண்டும் டீச்சர். காரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருஷம், எது முந்துகிறதோ அது என்றுதான் இருக்கும். அந்த 'அல்லது' உங்களுக்காகவே போட்டது. வடசேரியிலிருந்து கோட்டாறு வரை நெரிசலில் ஊர்ந்து போய் அணைத்தால் எஞ்சின் சூடாகி முடிந்திருக்காது. நெடுஞ்சாலையில் ஓடும் காரைவிட உங்கள் கார் ஆயில்தான் சீக்கிரம் கெடும்.

ஆயில் அளவு பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்க ஐந்து பத்து நிமிஷம் விடுங்கள். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருந்தால் சரி. குறைந்திருக்கிறதே என்று ஒரேயடியாக ஊற்றாதீர்கள், மேல் குறியைத் தாண்டினாலும் கெடுதல்தான். டீசல் காரில் மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிடும், பயப்படவேண்டாம். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது.

மார்த்தாண்டம்: சாரே, பிரேக் ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடையில் வாங்கி நானே ஊற்றலாமா?

முதலில் பிரேக் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்குவது இயற்கை. பேட் புதிதாக இருந்தும் இறங்கினால் எங்கோ கசிகிறது, அதை ஊற்றிச் சமாளிக்கக் கூடாது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அதனால் எவ்வளவு ஓடியிருந்தாலும் 2 வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றிவிடுங்கள். எந்த வகை ஆயில், டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

ஆரல்வாய்மொழி: டயரில் பட்டன், அதாவது தரையில் பதியும் ரப்பர் கட்டைகள், தேயாமல் நிறைய இருக்கிறது. வாங்கி 7 வருஷம். மாற்றச் சொல்கிறார்கள். வியாபார தந்திரமா?

இந்த விஷயத்தில் சொன்னவர் சொன்னது சரி. ரப்பர் ஓடாமலும் வயசாகும். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு வரி இருக்கும். அதன் கடைசி 4 எண்கள்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 5 வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். பக்கவாட்டில் நூல் நூலாக வெடிப்பு இருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பட்டனைப் பொறுத்தவரை சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் ஆயுள் முடிந்தது. நம்ம மழைக்கு அதுவரை காத்திருக்காமல் இருப்பது நல்லது.

காற்றை டயர் சூடாவதற்குமுன் பார்க்கவேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயர்மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை வைக்கக் கூடாது. ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆடி மாசம் வந்து, முப்பந்தல் பக்கம் ஸ்டியரிங் ஒருபக்கமாக இழுக்கிறது, அலைன்மென்ட் செய்யுங்கள் என்றார். காற்றாலைகளுக்கு நடுவே இழுத்தால் அது காற்று. நாகர்கோவில் வந்தபிறகும் இழுத்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

குலசேகரம், ரப்பர் தோட்டம்: மழை நாளில் முன்சீட்டில் கால் வைக்கும் இடம் நனைந்துவிடுகிறது. மேலே எங்கும் ஒழுகவில்லை. இன்னொன்று, ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் போடும் ஆசிட் கேனை டிக்கியில் கொண்டுபோகலாமா?

காரை ரப்பர் மரத்தடியிலோ பலா மரத்தடியிலோ நிறுத்துகிறீர்கள், இல்லையா? வைப்பருக்குக் கீழே ஜன்னல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பகுதி இருக்கிறதே, அதற்குள் சருகு விழுந்து தண்ணீர் வெளியேறும் வழி அடைத்திருக்கும். பானட்டைத் திறந்து சருகை அள்ளிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், அது கீழே வடியவேண்டும். அங்கே சரியாக இருந்து, ஏசி போடும்போது மட்டும் இடப்பக்கம் நனைந்தால் ஏசித் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறது. மிதியடியை எடுத்து, அடியிலுள்ள பஞ்சையும் காயவையுங்கள். தகடு அரிப்பதும் நாற்றமும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஃபார்மிக் ஆசிட்டைக் காரில் கொண்டுபோகாமல் இருப்பதுதான் நல்லது. மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் புகை இரும்பைத் தின்னும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஆட்டோவிலோ பிக்கப்பிலோ அனுப்புங்கள்.

திங்கள்நகர்: ரோட்டில் வெள்ளம் கிடந்தால் எதுவரை போகலாம்?

சக்கரத்தில் பாதி உயரம் மூழ்கும் என்றால் போகாதீர்கள். முன்னே பஸ் போகிறதே என்று பின்னாலேயே போவதும் ஆபத்து, பஸ் எழுப்பும் அலை உங்கள் பானட் மேல் ஏறும். நடுவில் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளையும். 2021 நவம்பர் வெள்ளத்தில் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்த கார்களில், தண்ணீரில் நின்றதால் கெட்டதைவிட "ஒருமுறை போட்டுப் பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பிக் கெட்டதுதான் அதிகம். சாதாரண இன்ஷூரன்ஸில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்கவேண்டும்.

தண்ணீரைத் தாண்டி வந்துவிட்டால் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதியுங்கள், காய்ந்துவிடும்.

இரணியல்: பொன்முடி மலைக்குப் போய் இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகிய வாடை. பேட் மாற்றணுமா?

பேட் போனதால் வந்த வாடை இல்லை. 22 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருக்கிறீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊர் திரும்பியபின் ஒருமுறை பேடைக் காட்டிவிடுங்கள்.

தோவாளை, பூ வியாபாரம்: விடியற்காலை மூணு மணிக்கு செல்ஃப் எடுக்கத் திணறுகிறது. பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருக்கிறது.

அந்தப் பூவை முதலில் எடுங்கள். மைனஸை முதலில் கழற்றி, பிறகு பிளஸ். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பச் சோடா கலந்து பழைய டூத் பிரஷால் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். அதன்பிறகும் திணறினால் ராத்திரி முழுக்க நின்ற காரில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். ஓடும்போது 14-ஐ ஒட்டி வரவில்லை என்றால் குறை பேட்டரியில் இல்லை, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில். புது பேட்டரி வாங்கும்முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

களியக்காவிளை: ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் என்ன? அப்பா காலத்து அம்பாசடருக்கு அதுதானே ஊற்றினோம்.

ஊற்றினீர்கள், வருஷா வருஷம் ரேடியேட்டரை அடைப்பெடுக்கவும் கொடுத்தீர்கள். இப்போதைய எஞ்சினில் அலுமினியம் அதிகம். கிணற்றுத் தண்ணீரிலுள்ள உப்பு உள்ளே படிந்து அரிக்கும். உங்கள் காருக்குச் சொன்ன கூலன்ட்டையே, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தையே ஊற்றுங்கள். வழியில் வேறு வழியில்லை என்றால் ஒரு பாட்டில் குடிதண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேர்ந்து, பிறகு முழுசாக மாற்றிவிடலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

அதே நபர்: அடிக்கடி கேரளத்தில் பாறசாலை பக்கம் போகிறேன். புகைச் சான்றிதழ் ஆறு மாசத்துக்கா, ஒரு வருஷத்துக்கா?

புதுக்காருக்கு முதல் வருஷம் தேவையில்லை. பிஎஸ் 4, பிஎஸ் 6 என்ற புகை விதிகளின்படி செய்த கார்களுக்கு 1 வருஷம் செல்லும், அதற்கு முந்தியவற்றுக்கு 6 மாசம். எந்த வகை என்பது ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது.