நாலு பேருக்காக நகையை வைக்காதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு சீட் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. “நகையை வைத்தாவது தனியார் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்க வை” என்கிறார் பெரியப்பா. மகளோ நர்சிங் போகிறேன் என்கிறாள். “நாலு பேர் என்ன சொல்வாங்க சார்?”

சொல்லட்டும் அம்மா. வட்டி கட்ட அந்த நாலு பேரும் வரமாட்டார்கள். கடன் வாங்கி டாக்டர் சீட் என்பதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். மூன்றாவது முறை கோச்சிங்கும் வேண்டாம், அவளே வேண்டாம் என்கிறாளே!

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து வந்த சித்திக்குக் கை வீங்கியபோது, தினமும் பயிற்சி செய்ய வைத்தவள் இவள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலைக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது, புற்றுநோய் நர்சிங்.

கீமோ, ரேடியேஷன் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வோம். அப்புறம்தான் நர்ஸுக்கு நிறைய வேலை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளையும் டேப்பால் ஒரே இடங்களில் அளந்து, போன முறை எழுதிய அளவோடு ஒப்பிடுவார். வளையல் இறுகுகிறதா, ஜாக்கெட் கை பிடிக்கிறதா என்று கேட்பார். வாயில் ரேடியேஷன் எடுத்தவருக்குத் தாடை இறுகிவிடலாம். பயிற்சி சொல்லிக்கொடுத்து, அடுத்த முறை வாயைத் திறந்தால் மூன்று விரல் நுழைகிறதா என்று பார்ப்பார். கீமோவால் பாதம் மரத்துப்போனவரை வெறுங்காலோடு நடக்கவிட மாட்டார். சிலருக்கு ஹார்மோன் மாத்திரை ஐந்து முதல் பத்து வருடம் நீளும். “நல்லாத்தானே இருக்கேன்” என்று பாதியில் விடப் பார்ப்பவரிடம் பக்குவமாகப் பேச வேண்டும். ஸ்கேன் தேதி நெருங்கினால் தூக்கம் போகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு இவரிடம்தான் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் தேவையில்லை. உயிரியலோடு படித்த பிளஸ் டூ மதிப்பெண்தான். நான்கு வருடப் படிப்பு. பிறகு நர்சிங் கவுன்சிலில் பதிவு, கொஞ்சகாலம் வார்டு அனுபவம், அதன்பின் ஓராண்டு புற்றுநோய் நர்சிங் டிப்ளமோ. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954-இல் தொடங்கியது. இது நம்மூருக்குப் புது வேலை இல்லை என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் ட்யூட்டியும் உண்டு. மகளுக்கு இதை இப்போதே சொல்லிவிடுங்கள். முதலில் அரசுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். தனியார் கல்லூரி என்றால், நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தைச் சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.