கடையில் சர்வர், வீட்டில் திரை: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வரின் டெஸ்க்டாப்பை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பது.

பினாங்கு லிட்டில் இந்தியாவிலிருந்து: எங்கள் துணிக்கடையில் பில் போடும் சர்வர் மாடியில் இருக்கிறது. ராத்திரியில் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க எக்ஸ்ஆர்டிபி (லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் தூரத்திலிருந்து காட்டும் நிரல்) போட்டு, ரௌட்டரில் அதன் 3389 போர்ட்டை (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசலை) திறந்துவிட்டேன். இப்போது லாக் முழுக்க யார் யாரோ நுழையப் பார்த்த தடம். போர்ட் எண்ணை மாற்றினால் போதுமா அண்ணே?

போதாது தம்பி. கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டு நம்பரை மட்டும் மாற்றி எழுதுகிற கதைதான் அது. போர்ட்டுகள் மொத்தம் 65,535. அத்தனையையும் தட்டிப் பார்க்கத் தானியங்கி நிரல்களுக்குச் சலிப்பே கிடையாது. வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் தள்ளிவிடும் அந்த ஃபார்வர்டிங்கை ரௌட்டரில் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வெளியே எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) ஒன்று மட்டும் தெரியட்டும், அதிலும் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பு வைத்திருப்பவருக்கு மட்டும். பிறகு லேப்டாப்பின் 3390 போர்ட்டை எஸ்எஸ்எச் டன்னல் (அந்த இணைப்புக்குள்ளேயே ஓடும் பாதை) வழியாகச் சர்வரின் 3389-உடன் கோத்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் (அதாவது இதே லேப்டாப்) 3390 என்று கொடுங்கள். எக்ஸ்ஆர்டிபி அமைப்புக் கோப்பிலும் சர்வர் தன்னையே குறிக்கும் முகவரியான 127.0.0.1-இல் மட்டும் காது கொடுக்கும்படி மாற்றிவிட்டால் கடை வைஃபையில் இருப்பவர்கூட எட்டிப் பார்க்க முடியாது.

எந்தப் போர்ட் வழியாக வரலாம், வரக்கூடாது என்று காவல் காக்கும் ஃபயர்வாலை மட்டும் நிதானமாகத் தொடுங்கள். ஒருமுறை பினாங்கு தீவில் என் வீட்டிலிருந்தபடி, எதிர்க்கரை பட்டர்வொர்த் சர்வர் ஒன்றில் எஸ்எஸ்எச் போர்ட்டான 22-ஐ அனுமதிக்காமலேயே ஃபயர்வாலை முடுக்கிவிட்டேன். ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பு அறுபடவில்லை, அதனால் சந்தேகமும் வரவில்லை. ஜன்னலை மூடிவிட்டு மறுபடி நுழையப் போனால், கதவு சாத்தியாகிவிட்டது! ஒரே ஒரு வரி கட்டளைக்காக நடுராத்திரியில் 13.5 கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டிப் போனேன். இப்போதெல்லாம் ஐந்து நிமிடத்தில் ஃபயர்வால் தானே அணையும்படி ஒரு வேலையைப் போட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். எல்லாம் சரியாக வந்தால் அந்த வேலையை நீக்கிவிடலாம்.

பாயான் லெப்பாஸிலிருந்து: எக்ஸ்ஆர்டிபியில் பெயரும் கடவுச்சொல்லும் சரியாகத்தான் கொடுக்கிறேன். கறுப்புத் திரை ஒரு நொடி வந்து மூடிக்கொள்கிறது.

சர்வரிலேயே மானிட்டர் மாட்டி அதே பெயரில் லாகின் செய்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு டெஸ்க்டாப் திறப்பது நோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குப் பிடிக்காது. அங்கே லாகவுட் செய்யுங்கள், அல்லது தூரத்து வேலைக்கென்று தனிப் பயனர் வையுங்கள். அப்போதும் கறுப்பு என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்பை நிறுவி, எதைத் தொடங்குவது என்று சொல்லும் அந்தப் பயனரின் எக்ஸ்செஷன் கோப்பில் அதையே தொடங்கச் சொல்லுங்கள். சின்ன சர்வருக்கு அதுவே நல்லது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: விஎன்சியில் (திரையைத் தூரத்திலிருந்து காட்டும் இன்னொரு முறை) 12 எழுத்துக் கடவுச்சொல் வைத்தேன். முதல் 8 எழுத்தை மட்டும் அடித்தாலும் திறக்கிறதே சார்?

திறக்கும். பழைய விஎன்சி சோதனை முறை முதல் 8 எழுத்தைத்தான் பார்க்கும், மீதியைத் தொடாது. அதை நம்பி விஎன்சி போர்ட்டான 5901-ஐ வெளியே விடாதீர்கள். மேலே சொன்ன டன்னல் இதற்கும் பொருந்தும்.

செந்தூலிலிருந்து: டியூஷன் சென்டரில் பத்துப் பழைய கணினிகள். எக்ஸ்டிஎம்சிபி (சர்வரின் லாகின் திரையை நெட்வொர்க் வழியே மற்ற கணினிகளுக்குத் தரும் முறை) வைத்து ஒரே சர்வரில் ஓட்டலாம் என்கிறார் மாமா. வேலை செய்யுமா?

எக்ஸ்11 (லினக்ஸில் திரையை வரையும் பழைய முறை) அடிப்படையிலான டெஸ்க்டாப் என்றால் செய்யும். 1989-இலிருந்து இருக்கிற முறை அது. மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: கணினி யுடிபி 177 போர்ட்டில் சர்வரைக் கேட்கும், ஆனால் படம் வரைய சர்வர்தான் திரும்பி வந்து கணினியின் டிசிபி 6000 போர்ட்டைத் தட்டும் (யுடிபி, டிசிபி இரண்டும் தகவல் அனுப்பும் இரு வகை). அதனால் ஃபயர்வாலை இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். இது தெரியாமல் சர்வரையே நோண்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இன்னொன்று, இதில் மறையாக்கமே இல்லை. அடிக்கும் கடவுச்சொல் அப்படியே ஒயரில் போகும். சென்டருக்குள் தனி சுவிட்ச், தனி ஒயர் என்றால் மாமா சொல்படி செய்யுங்கள். வைஃபை என்றால் எக்ஸ்ஆர்டிபி.