விரல் கறுத்ததற்காகப் படிப்பை விடலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பார்மசி முதலாண்டு சேர்ந்த மகள் லேப்பிலிருந்து விரல் நுனிகள் கறுத்துப்போய் வந்தாள், சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை, கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள், அன்றிலிருந்து லேப் இருக்கும் நாளென்றாலே சாப்பிட மாட்டேன் என்கிறாள், வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கறுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குளோரைடு லிமிட் டெஸ்ட் செய்ததாக எழுதியிருப்பதால், அது அநேகமாக சில்வர் நைட்ரேட் கறைதான். ஒரு மருந்து மூலப்பொருளில் குளோரைடு மாசு அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. நெஸ்லர் சிலிண்டர் என்ற ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குழல்களில், ஒன்றில் சோதிக்கும் பொருளும் மற்றதில் அளவு தெரிந்த குளோரைடும் எடுத்து, இரண்டிலும் சில்வர் நைட்ரேட் சேர்ப்பார்கள். வெண்மையாகக் கலங்கும். எது அதிகம் கலங்கியது என்று கறுப்புப் பின்னணியில் வைத்து ஒப்பிடுவார்கள். இந்தக் கரைசல் தோலில் பட்ட உடனே ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டு, அதிலுள்ள வெள்ளி உலோகமாகப் படியும்போதுதான் கறுக்கும். அதனால்தான் லேப்பில் தெரியாத கறை வீட்டுக்கு வந்தபின் தெரிந்தது. மேல்தோல் உதிர உதிர ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிவிடாதீர்கள். எரிச்சலோ கொப்புளமோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதே துளி கண்ணில் பட்டிருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அவள் சொன்ன அந்த ‘ஒன்றுமில்லை’தான். ஆலோசகராக வருவதற்கு முன் 11 ஆண்டுகள் மருந்துத் தரக்கட்டுப்பாட்டு லேப்பில் வேலை பார்த்தவள் நான். புதிதாக வந்த பிள்ளைகளில் கை நடுங்கியவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டதில்லை. சிந்தியதை யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டு, கையை மட்டும் கழுவிவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பவர்கள்தான் என்னைத் தூங்கவிடாதவர்கள். மார்க் போகும், எல்லார் முன்னாலும் திட்டு விழும் என்ற பயம் முதலாண்டில் இயல்பு. ஆனால் அந்தப் பயம் வாயை மூடவைத்தால், சாதாரணமாக முடிய வேண்டிய விஷயம் காயமாக மாறும். வீட்டிலும் அப்படித்தான். ‘ஏன் கவனமில்லாமல் செய்தாய்?’ என்று நாம் முதலில் கேட்டுவிட்டால், அடுத்த முறை சொல்லமாட்டாள்.

இனிமேல் எழுதுவதை மகளிடம் படிக்கக் கொடுங்கள்.

அம்மாடி, அந்த சில்வர் நைட்ரேட் ஏன் பழுப்புப் பாட்டிலில் இருந்தது என்று யோசித்தாயா? வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால்தான். பாட்டிலுக்குள் நடக்கக் கூடாது என்று தடுத்தது உன் விரலில் நடந்துவிட்டது. லேபிளில் இதற்கான துப்பு இருந்தது, உனக்கு அதைப் படிக்க யாரும் கற்றுத்தரவில்லை. சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரத்துக்குள் படம் இருக்கிறதே, அப்படி மொத்தம் 9 படங்கள்தான். ஒரு மாலையில் மனப்பாடம் ஆகிவிடும். அதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. அதில் 16 பகுதிகள். முழுவதையும் படித்து மலைத்துப்போக வேண்டாம். 2-ஆம் பகுதியில் என்ன ஆபத்து என்று இருக்கும், 4-இல் முதலுதவி, 8-இல் என்ன கையுறை, என்ன கண்ணாடி. லேப்புக்கு முந்தைய இரவு இந்த மூன்றை மட்டும் பார்த்து அப்சர்வேஷன் நோட்டின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக்கொள். பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும், ஏனென்றால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பிரிந்துவிடும்.

உப்புக் கரைசலுக்கும் அடர் சல்ஃப்யூரிக் அமிலத்துக்கும் ஒரே அளவு பயந்தால் இரண்டையும் சரியாகக் கையாள முடியாது. அந்த அமிலம் நீரைவிட ஏறக்குறைய 1.84 மடங்கு அடர்த்தியானது, நீரோடு சேரும்போது கடும் வெப்பத்தை வெளிவிடும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால் நீர் மேலேயே தங்கி, அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கவைக்கும். நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் அமிலம் கீழே இறங்கும், வெப்பம் நீர் முழுவதும் பரவும். காரணம் தெரிந்தால் எதை எதில் ஊற்றுவது என்று பரீட்சை அவசரத்திலும் மறக்காது. ஃபீனாலுக்கு வேறு குணம். தோலை வெளுக்கவைத்து உள்ளே இறங்கும், அதோடு உணர்ச்சியையும் மரத்துப்போகச் செய்யும். வலி இல்லை என்பதால் காயம் இல்லை என்று நினைத்துவிடாதே. பட்டது தெரிந்த நொடியே நிறைய நீரில் கழுவத் தொடங்கு, கழுவிக்கொண்டே ஆசிரியரைக் கூப்பிடு.

கண்ணுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டும். நீ போட்டிருக்கும் பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கவாட்டில் திறந்திருக்கிறது. காண்டாக்ட் லென்ஸ் போடுபவளாக இருந்தால் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடு. கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் நீளக் கண்ணாடிக் குழலான பியூரெட்டைத் தலைக்கு மேலே வைத்து அண்ணாந்து நிரப்பும் பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறேன். ஸ்டாண்டைக் கீழே இறக்கி, அதன் வாய் உன் கண்ணுக்குத் தாழ இருக்கும்படி வைத்து நிரப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வலுவான காரம் கண்ணில் பட்டால் பல அமிலங்களைவிட ஆழமாகச் சேதப்படுத்தும். கண் கழுவும் குழாய் எங்கே இருக்கிறது என்று நாளைக்கே பார். உன் மேசையிலிருந்து எத்தனை காலடி என்று எண்ணி வை, தேவைப்படும் நேரத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் போகலாம். ஏதாவது தெறித்தால் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். அது மிக நீண்ட நேரம் போலத் தோன்றும், பாதியில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதே. அதன்பின் மருத்துவரிடம் போக வேண்டும்.

முதலாண்டில் அதிகம் எதிர்பார்க்க வேண்டிய காயம் அமிலத்தால் இல்லை, கண்ணாடியால். திரவத்தை அளந்து உறிஞ்சும் கண்ணாடிக் குழலான பிப்பெட்டை ரப்பர் பல்புக்குள் சொருகும்போது அடியில் பிடித்துத் தள்ளினால் நடுவில் ஒடிந்து உள்ளங்கையைக் குத்தும். மேல் முனைக்குப் பக்கத்தில் பிடி, ஈரமாக்கு, லேசாகத் திருகு. வாயால் உறிஞ்சவே கூடாது, அது வெறும் நீராகவே இருந்தாலும்.

கையுறை போட்டால் போதும் என்று நினைப்பாய். 1996-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர், நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடில் வேலை செய்யும்போது, டைமெத்தில்மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தின் சில துளிகள் அவருடைய லேட்டக்ஸ் கையுறை மேல் விழுந்தன. அன்றிருந்த வழக்கப்படி அவர் கவனமாகத்தான் இருந்தார். அந்தத் திரவம் அந்தக் கையுறையைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது பின்னர் சோதித்தபோதுதான் தெரிந்தது. 1997 ஜூனில் அவர் இறந்தார். உன் லேப்பில் அந்தப் பொருள் இருக்காது, அதனால் இதை நினைத்துப் பயப்படாதே. எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று கேட்கும் பழக்கம் வரட்டும் என்றுதான் சொல்கிறேன். கையுறையோடு செல்போனையும் கதவுப் பிடியையும் தொடுவதை விட்டுவிடு. ஆல்கஹால் தடவிய கை காயும் முன் பர்னர் பக்கம் போகாதே. எத்தனால் எரியும் தீ வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்கே தெரியாது.

அப்புறம் நோட்டு. எடை பார்த்த அளவைத் துண்டுச் சீட்டில் எழுதி வீட்டில் அழகாக எடுத்தெழுதுகிறாயா? வேண்டாம். பார்த்த இடத்திலேயே, பார்த்த நேரத்திலேயே பேனாவால் நோட்டில் எழுது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடி, பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், உன் சுருக்கொப்பம், தேதி. ஒயிட்னர் கூடாது. மருந்துத் தொழிற்சாலையில் ஆய்வுக்கு வருபவர்கள் இதைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். சிந்தியது, உடைந்தது, துளி பட்டது எல்லாமும் அதே நோட்டில் வரட்டும். பாட்டிலிலிருந்து அதிகமாக எடுத்துவிட்டால் திரும்பப் போடாதே. வெறும் நீர் உள்ள பீக்கருக்கும் லேபிள் ஒட்டு. இவை இன்றைக்கு வெட்டி வேலையாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா, இனி உங்களுக்கு. மகள் செய்த அந்த லிமிட் டெஸ்ட் சின்ன விஷயம் இல்லை. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து விற்றார்கள். சுவையும் மணமும் பார்த்தார்கள், நஞ்சா என்று பார்க்கவில்லை. குழந்தைகள் உட்பட 100 பேருக்கு மேல் இறந்தார்கள். சந்தைக்கு வரும் முன்பே மருந்தின் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டே அங்கே வந்தது. இன்றைக்கும் சிரப்புகளில் சேரும் கிளிசரினில் அதே நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிப்பது ஒரு லிமிட் டெஸ்ட்தான். அந்த வேலையில் உட்கார வேண்டியவர், கையில் பட்ட ஒரு துளிக்குச் சாப்பாடு இறங்காத பிள்ளையாக இருந்தால் நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

அதற்காக அவள் கட்டாயம் லேப்பிலேயே வாழ்க்கையைக் கழிக்க வேண்டும் என்று இல்லை. பார்மசி முடித்தவர்களுக்கு மருத்துவமனை மருந்தகம், மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு, மருந்து அனுமதிக்கான ஆவண வேலை என்று லேப் மேசை இல்லாத பாதைகளும் உண்டு. ஆனால் அவற்றுக்குப் போவதற்கும் இந்த லேப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால் இப்போதே கல்லூரியில் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள், பொடி அரைக்கும் வகுப்புகள் சீக்கிரம் வரும். மாற்றுவதைப் பற்றி இந்த மாதம் முடிவு எடுக்க வேண்டாம். இன்னும் ஆறு லேப் வகுப்பு போகட்டும். ஆறாவது முடிந்ததும் அவள் கையெழுத்தில் இருக்கும் அப்சர்வேஷன் நோட்டை, அடித்தல் திருத்தலோடு அப்படியே எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.