நாயை விட்டுவிடும் முன் ஒரு கடிதம் போடுங்கள்

(வளர்ப்பு நாய்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வடசென்னை தண்டையார்பேட்டையில் சிகிச்சையகம் நடத்தும் கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார்.)

ராயபுரத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் மணிக்கு மூன்று வயது. தெருவில் கிடைத்த நாட்டு நாய். நானும் கணவரும் வேலைக்குப் போனதும் குரைக்க ஆரம்பிக்கிறான். கதவைப் பிறாண்டியே பெயின்ட்டை உரித்துவிட்டான். மாதக் கடைசிக்குள் நாயை அனுப்பாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்கிறார் வீட்டுக்காரம்மா. ஏதாவது காப்பகத்தில் விட்டால் நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா டாக்டர்?
வாசகி, ராயபுரம்

பார்த்துக்கொள்ளத்தான் நினைப்பார்கள் அம்மா. ஆனால் மணிக்கு அங்கே வேண்டியது கிடைக்காது. மணலி சாலையில் கன்டெய்னர் லாரியில் அடிபட்டதும், புண்ணில் புழு வைத்ததும், கண் திறக்காத குட்டிகளும் வந்து சேரும் இடம் காப்பகம். வீட்டில் வளர்ந்த நாயை அந்தக் கூட்டத்தில் விட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். சோற்றுத் தட்டு ஈ மொய்த்துக் கிடக்கும். நாய் கம்பிக் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு, வெளியே ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும். சாப்பிடாத உடம்பில் டிஸ்டெம்பர் போன்ற வைரஸ் தொற்று சுலபமாக ஏறும். அதனால் காப்பகத்தைக் கடைசிக்கும் கடைசியாக வையுங்கள். இப்போது நாம் மணியைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் அவன் எதற்காகக் குரைக்கிறான் என்று தெரிய வேண்டும். பழைய செல்போன் ஒன்றை அலமாரி மேல் வைத்து, நீங்கள் கிளம்பிய பிறகு நடப்பதைப் பதிவு செய்யுங்கள். ஜன்னலில் நின்று தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் குரைத்தால், ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே சத்தம் பெருமளவு குறையும். நீங்கள் கதவைப் பூட்டிய உடனே ஊளையிட்டு, எச்சில் ஒழுக, வாசல் கதவையே பிறாண்டினால் அது தனிமைப் பயம். உங்கள் கடிதத்தைப் படித்தால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பயம் சேட்டை அல்ல. மாலையில் வந்து அடித்தால், நீங்கள் திரும்பி வருவதற்கும் சேர்த்து அவன் பயப்படுவான். அடிக்கவே அடிக்காதீர்கள்.

விடிகாலையில், தார்ச்சாலை சுடுவதற்கு முன், அவனை நன்றாக நடக்க விடுங்கள். இழுத்துக்கொண்டு ஓடாமல், கம்பம் கம்பமாக நின்று மோந்து பார்க்க விடுங்கள். மோந்து பார்ப்பதிலேயே நாய் களைத்துவிடும். சோறும் வேகவைத்த கோழியும் பிசைந்து, அகலமான எவர்சில்வர் கிண்ணத்தில் அழுத்தி, முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வாசலைத் தாண்டும்போது அதை அவன் முன்னால் வையுங்கள். நக்கித் தீர்க்க நேரம் பிடிக்கும். வெங்காயம் மட்டும் சேர்க்கக் கூடாது. அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

விடுமுறை நாளில் இன்னொரு வேலை. சாவியை எடுங்கள், செருப்பை மாட்டுங்கள், போகாமல் மறுபடி உட்காருங்கள். அவன் தலையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்தும்வரை இதையே செய்யுங்கள். பிறகு ஒரு நிமிடம் மாடிப்படியில் நின்றுவிட்டு வாருங்கள். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவன் பதறினால் ஒரு படி பின்னால் வாருங்கள். இது வாரக்கணக்கில் ஆகும் வேலை. அதுவரை பகலில் கீழ்வீட்டுப் பெரியவரோ பக்கத்துத் தெருக் கல்லூரிப் பெண்ணோ வந்து ஒரு மணி நேரம் உடன் இருந்தால் பேருதவி. கூலி கொடுத்தே கேளுங்கள். பயம் மிக அதிகமாக இருந்தால் அதற்கு மாத்திரையும் உண்டு. கால்நடை மருத்துவர் பார்த்து எழுதித் தருவார்.

வீட்டுக்காரம்மாவிடம் சட்டம் பேசிக்கொண்டு போகாதீர்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பதற்கே தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருப்பது உண்மை. ஆனால் நீங்கள் வாடகைக்கு இருப்பவர். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ், கருத்தடைச் சான்றிதழ், மாநகராட்சி உரிமம் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உரிமம் வாங்காமல் இருந்தால் உடனே வாங்குங்கள். கட்டணம் 50 ரூபாய், வாங்காவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். "கதவுக்கு நானே பெயின்ட் அடித்துத் தருகிறேன், இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள்" என்று கேளுங்கள். கோபமாக இருப்பவரும் எழுதி வைத்த ஒரு திட்டத்தைப் பார்த்தால் இறங்கி வருவதுண்டு.

அப்படியும் முடியாமல் போனால், மணிக்கு வேறு வீடு தேடும் பொறுப்பு உங்களுடையது. அந்த வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். அவன் படுக்கும் சாக்கைக் கழுவாமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள். பிறகும் விசாரித்துக்கொண்டே இருங்கள். தெருவில் இறக்கிவிட்டு வருவது மட்டும் கூடாது. பட்டினியும் தாகமுமாய்த் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம். வீட்டில் ஏழு வயது லாப்ரடார், பெயர் ஜிம்மி. நாய் முடி வயிற்றுக்குள் போனால் சிசுவுக்கு ஆபத்து என்று சம்பந்தி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். எனக்கு ஜிம்மியை அனுப்ப மனம் இல்லை. என்ன சொல்வது?
வாசகி, திருவொற்றியூர்

மாமியாரே ஜிம்மிக்காகக் கேட்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். அனுப்பாதீர்கள். விழுங்கிய முடி இரைப்பைக்குப் போய் மலத்தோடு வெளியேறிவிடும். கருப்பைக்கு அங்கிருந்து வழி இல்லை. கர்ப்பிணிகளை மருத்துவர்கள் எச்சரிப்பது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்காக. அது பூனையின் மலம், சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, காய் இவற்றின் மூலம் வரும். ஜிம்மிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, வருடாந்திரத் தடுப்பூசி, உண்ணி இல்லாத தோல், இவை இருந்தால் போதும். அவன் மலத்தை மருமகள் அள்ள வேண்டாம், வேறு யாராவது செய்யுங்கள்.

நான்கு மாதம் கையில் இருக்கிறது. ஜிம்மி இப்போது மருமகளின் அறையில் படுப்பான் என்றால் இந்த வாரமே இடத்தை மாற்றுங்கள். குழந்தை வந்த அன்று வெளியே தள்ளினால் அந்தத் தொட்டில்தான் காரணம் என்று அவன் முடிவு கட்டுவான். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள் என்றால், குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றை அங்கிருந்து வாங்கிவந்து ஜிம்மியை மோந்து பார்க்க விடுங்கள். திரும்பி வரும் நாளில் மருமகள் முதலில் வெறுங்கையோடு உள்ளே வரட்டும். இத்தனை மாதம் காணாதவளைக் கண்டதும் அவன் துள்ளுவான், அது அடங்கட்டும். பிறகு, அவனைக் கயிற்றில் பிடித்தபடி, குழந்தையைக் காட்டலாம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எவ்வளவு சாதுவான நாயானாலும் குழந்தையோடு தனியே விடக் கூடாது, கதவைத் திறந்து பால் பாக்கெட் எடுக்கும் நேரத்துக்குக்கூட. குழந்தை தவழ்ந்து வந்து வாலைப் பிடிக்கும்போது ஜிம்மி உறுமினால் அவனை அதட்டாதீர்கள், குழந்தையைத் தூக்குங்கள். உறுமல் என்பது கடிக்காமல் இருக்க நாய் எடுக்கும் முயற்சி. அதை அடக்கினால், எச்சரிக்காமல் கடிக்கும் நாயை நாமே உருவாக்கிவிடுவோம். பிறந்த பிறகு குழந்தைக்கு உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தால் குழந்தை மருத்துவர் சொல்வதைக் கேட்போம். இப்போதே வேண்டாம்.

ஹஸ்கி குட்டி வாங்க ஆசை. அறையில் ஏ.சி. இருக்கிறது. வாங்கலாமா?
கல்லூரி மாணவர், கொளத்தூர்

வாங்காதீர்கள். பனியில் வண்டி இழுப்பதற்காக இரட்டை ரோமத்தோடு உருவான இனம் அது. மே மாதம் கரண்ட் போகும் மதியத்தை நினைத்துப் பாருங்கள். 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையே, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களில் ஹஸ்கியைச் சேர்த்து, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. குட்டியாக வாங்கி, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் விட்டுவிடப்படும் நாய்களில் இந்த நீலக்கண் அழகர்களை நான் நிறையவே பார்க்கிறேன். படிப்பு முடிந்து வேலை எந்த ஊரில் என்று உங்களுக்கே தெரியாத வயது. நாயோ பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். ஆசை நிஜமானது என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவிக் கொடுங்கள். நடத்திச் செல்ல ஆள் இல்லாமல் அங்கே எத்தனையோ நாய்கள் காத்திருக்கின்றன.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். காசிமேட்டில் கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுக்கு அடியில் நான்கு நாய்க்குட்டிகள் இருந்தன. கண் இன்னும் திறக்கவில்லை. அம்மா நாயைக் காணவில்லை என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். பசும்பால் கொடுக்கலாமா?
மாணவன், காசிமேடு

தம்பி, உன் மனசு நல்ல மனசு. ஆனால் இந்தப் பதிலைப் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கண் திறக்காத குட்டியை எடுக்கும் முன், தள்ளி நின்று ஒன்றிரண்டு மணி நேரமாவது பார்க்க வேண்டும். மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் தாய் நாய் அங்கேதான் தலைகளுக்கும் செதில்களுக்கும் அலைந்துகொண்டிருக்கும். பசி தீர்ந்தால்தான் அதற்குப் பால் சுரக்கும். நீ பக்கத்திலேயே நின்றால் அது பயந்து வராது. வெயிலோ அலையோ படாத இடமாக இருந்தால் எடுத்த இடத்திலேயே குட்டிகளை வைத்துவிட்டுத் தாய்க்குச் சோறும் தண்ணீரும் வை. மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். பொதுவாக அப்படி இல்லை, சேர்த்துக்கொள்ளும்.

தாய் வரவே இல்லை என்றால் மட்டும் நாம் வளர்க்க வேண்டும். பசும்பால் வேண்டாம், பேதியாகும். நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். குட்டியைக் குப்புற வைத்தே ஊட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். அதற்கும் முன்னால் சூடு: வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வை. உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது. ஊட்டியதும் ஈரப் பஞ்சால் வயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவினால்தான் சிறுநீர் போகும். தாய் நக்கிச் செய்வதை நீ செய்கிறாய். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தனியாகச் செய்ய முடியாது, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்.

எட்டு வாரம் ஆனதும் வீடு தேடலாம். பெட்டைக்குட்டி வேண்டாம் என்பவர்கள் நம் பக்கம் அதிகம். மீன் மார்க்கெட் ஓரத்தில் அட்டைப்பெட்டியில் கிடப்பவை பெரும்பாலும் பெட்டைகளே. கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கவலை முடிந்தது என்று கேட்பவர்களிடம் தைரியமாகச் சொல். பால் மறந்ததும் தாய் நாய்க்கும் கருத்தடை செய்ய மாநகராட்சியின் 1913 எண்ணில் அப்பாவைப் பேசச் சொல். புளியந்தோப்பில் கருத்தடை மையம் இருக்கிறது. தெருநாய்க் கருத்தடைக்கான 2023 விதிகளின்படி நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும், ஆகவே உன் படகடி நாய் காணாமல் போய்விடாது.

வேலை நாக்பூருக்கு மாற்றலாகிறது. எங்கள் பீகிள் நாயை ரயிலில் கொண்டுபோக முடியாது என்கிறார்களே?
வாசகர், பெரம்பூர்

முடியும். ஏ.சி. முதல் வகுப்பில், இரண்டு படுக்கை அல்லது நான்கு படுக்கை கொண்ட அறையை முழுவதுமாக உங்கள் குடும்பத்துக்கே எடுத்தால் நாயை உடன் அழைத்துச் செல்லலாம். மற்ற வகுப்புகளில் அனுமதி இல்லை. டிக்கெட் எடுத்ததும் முழு அறையும் ஒதுக்கக் கேட்டு ரயில்வே வணிகப் பிரிவுக்கு எழுதுங்கள். பயணத்தன்று முன்கூட்டியே போய்ப் பார்சல் அலுவலகத்தில் நாய்க்குத் தனியே பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசிச் சான்றும் உடல்நலச் சான்றும் வேண்டும். ரயில் கார்டு (காவலர்) இருக்கும் பெட்டியில் நாய்க்கூண்டு உண்டு, ஆனால் கோடையில் அதில் ஏற்ற நான் ஒப்ப மாட்டேன். செலவைக் கணக்கிட்டால் காரில் போவதே கட்டுப்படியாகலாம்.

ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் டைகர் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி, ஒரு பெரிய தொகை கேட்டார்கள். என்னால் முடியாது. கஷ்டப்பட்டுச் சாவதைவிட யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று மனைவி அழுகிறாள்.
வாசகர், வியாசர்பாடி

அண்ணே, இந்தக் கடிதத்துக்கு நான் ஏற்கெனவே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். பணம் இல்லை என்பதற்காக நாயைக் கைவிடும் நிலை சென்னையில் யாருக்கும் வரக் கூடாது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில், உங்கள் ஸ்டாண்டிலிருந்து ஒரு குறுகிய சவாரி தூரத்தில் இருக்கிறது. தனியார் கட்டணத்தில் சிறு பகுதிதான் ஆகும். விடிந்ததும் கிளம்பினால் வரிசை குறைவு.

உண்ணிக் காய்ச்சல் குணமாகிற நோய். மாத்திரையை மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நாய் எழுந்து வாலாட்டியதும் நிறுத்திவிடுவதால்தான் திரும்ப வருகிறது. உங்கள் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், அது நாயின் ஈரலைக் கெடுக்கும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசவே கூடாது. நாயின் மேல் இருக்கும் உண்ணியைவிடச் சுவரில் இருப்பதுதான் அதிகம். இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கட்டில் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். டார்ச் அடித்துப் பாருங்கள், கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையில் மிளகு கொட்டியது போல் தெரியும். அந்த இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைத்து, டைகர் படுக்கும் துணியைக் கொதிநீரில் போடுங்கள். ஆட்டோ சீட்டுக்கு அடியிலும் பாருங்கள். முதல் இரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால் அதையும் வேப்பேரிக்கு எடுத்துப் போங்கள். அதே பரிசோதனைக்கு மறுபடி செலவழிக்க வேண்டியிராது.