பதினொரு பேர் தேறுவதே பாடு

கேள்வி: கொல்லங்கோடு பக்கம் பையன்களுக்குக் கால்பந்து கிளப் நடத்துகிறோம். 13 வயதுக்குள் மட்டும் 30 பேர் வந்த காலம் போய், இப்போது பதினொரு பேர் தேறுவதே பாடு. மொபைல்தான் காரணமா?

பதில்: மொபைலைத் திட்டுவது சுலபம். அதற்கு முன் மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்காரும் உங்கள் சப் பையன்களைக் கொஞ்சம் பாருங்கள். போன மாதம் எங்கள் ஊர் மேட்சில் ஒருவன் முதல் பாதி முழுக்க ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே உட்கார்ந்திருந்தான், கடைசி 3 நிமிடம் இறக்கினார்கள், அடுத்த வாரம் ஆளே இல்லை. யார் வருவான்?

இன்னொன்று, வயதுப் பிரிவை ஜனவரி 1 வைத்துப் பிரிக்கிறோம் அல்லவா, ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. அந்த வயதில் 11 மாதம் என்றால் நாலு விரல் உயர வித்தியாசம்கூட இருக்கும். செலக்ஷனில் பெரியவன் நிற்பான், சின்னவன் வீட்டுக்குப் போவான், திறமை இல்லை என்று நாமே முத்திரையும் குத்திவிடுவோம். உலகம் முழுக்க இதே கதைதான்.

சரி, என்ன செய்யலாம்? சின்னப் பையன்களுக்குப் பதினொருவர் ஆட்டம் வேண்டாம். ஐவர், எழுவர் என்று ஆடவிடுங்கள், பந்தாவது காலில் படும். கேரளத்து மலப்புறத்தில் எழுவர் ஆட்டத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்களே! அப்புறம் பயிற்சி நேரம். தூத்தூர் கடற்கரையில் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும், அம்மாதான் டியூஷனுக்கும் மைதானத்துக்கும் அலைய வேண்டும். நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். ஃபீஸையும்தான்.