விரல் ஃபிளாப் எங்கே கெடுகிறது? கேள்வி பதில்

(ஃபிளாப் என்பது காயத்தை மூட, ரத்த ஓட்டத்தோடு நகர்த்திவைக்கும் தோல்.)

இரவுப் பணி டாக்டர்: ஃபிளாப் நீலமாகிவிட்டது. உடனே தியேட்டருக்கு எடுக்கணுமா சார்?

முதலில் அழுத்திப் பாருங்கள். விட்டதும் 2 நொடிக்குள் நிறம் திரும்பி, ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் வழிந்தால் சிரைத் தேக்கம். வெளுத்து, சில்லிட்டு, குத்தியும் ரத்தம் வராவிட்டால் தமனிக் கோளாறு. அதற்குக் காத்திருக்காதீர்கள், அறுவை செய்தவரை எழுப்புங்கள்.

தேக்கம் என்றால் கட்டு முழுவதையும் பிரியுங்கள். ரத்தம் காய்ந்த காஸ் துணி வளையம் போல இறுக்கும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். அடுத்து, காம்பின் (ஃபிளாப்புக்கு ரத்தம் வந்துபோகும் இணைப்பின்) மேலிருக்கும் தையலில் இரண்டு மூன்றை வெட்டிவிடுங்கள். விரலில் தோல் தாராளமாக இருக்காது. அங்கே இழுத்து மூடுவதைவிடத் திறந்துவிட்டுத் தோல் ஒட்டு வைப்பது மேல். ரத்தம் எதிர்த்திசையில் ஓடும் ரிவர்ஸ் ஐலண்ட் ஃபிளாப்பில் இந்தத் தொல்லை அதிகம். இவ்வளவும் செய்து நிறம் மாறாவிட்டால் தியேட்டர்.

அட்டை விடுவது தேக்கத்துக்கு மட்டும்தான். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் கிருமி உண்டு; சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்தைக் கூடவே தொடங்குங்கள்.

ஒரு நோயாளியின் மனைவி: அவருடைய ஆட்காட்டி விரலை நடுவிரலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். எப்போது பிரிப்பார்கள்? பீடி பிடிக்கலாமா?

வழக்கமாக 2 முதல் 3 வாரத்தில். பீடி ஒன்றுகூட வேண்டாம் அம்மா. நிகோடின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஃபிளாப்பின் ஓரம் கறுக்கும்.

பிசியோதெரபிஸ்ட்: பிரித்த பிறகு நடு மூட்டு நீள மறுக்கிறது.

பயிற்சியைப் பிரித்த பிறகு ஆரம்பித்ததே தாமதம். கட்டிய நாளிலிருந்தே சேராத விரல்களை அசைக்க வைத்திருக்க வேண்டும். இப்போது நீட்டும் ஸ்பிளின்ட், இரவிலும். விரல் நுனியைக் கட்டைவிரல் அடி மேட்டில் தைக்கும் தேனார் ஃபிளாப் என்றால் இன்னும் மோசம்: விரலை மடக்கியே வைக்கிறோம். 40 வயதைத் தாண்டியவருக்கு அதைத் தேர்ந்தெடுக்க நான் தயங்குவேன். செய்தால் 2 வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது.

ஹவுஸ் சர்ஜன்: நுனியில் 1 செ.மீ. காயம், எலும்பு தெரியவில்லை. எந்த ஃபிளாப்?

எதுவும் வேண்டாம். ஃபிலிம் டிரெஸ்ஸிங் (மெல்லிய பிளாஸ்டிக் படலம்) ஒட்டி வாரம் ஒருமுறை மாற்றுங்கள். நாற்றம் வரும், பயப்படாதீர்கள். சிவப்பு மேலேறினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் கவலை.

பொது அறுவை நிபுணர்: எலும்பு தெரிந்தாலும் ஃபிலிமே போதும். நுனித் தோலை V வடிவில் வெட்டி முன்னே நகர்த்தி Y வடிவில் தைக்கும் உங்கள் வி-ஒய் ஃபிளாப்பால்தான் நகம் வளைந்து கொக்கியாகிறது!

துளி எலும்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன். எலும்பு நீட்டிக்கொண்டிருந்தால், தசைநாண் தெரிந்தால் மாட்டேன். கொக்கி நகத்துக்குக் காரணம் வி-ஒய் அல்ல. நகப்படுகைக்கு அடியில் எலும்புத் தாங்கல் போனால் ஃபிலிமிலும் கொக்கிதான். படுகையை எலும்பு முனை அளவுக்கு நறுக்காமல் அதன் மேல் மடித்துத் தைப்பதும், 1 செ.மீ.க்கு மேல் நகராத ஃபிளாப்பைப் பிடித்து இழுப்பதும்தான் தவறு. உள்ளங்கைப் பக்கம் சரிந்து வெட்டுப்பட்ட நுனிக்கு வி-ஒய் போடுகிறவர்கள் செய்வது இதைத்தான்.

மீண்டும் அவர்: ஃபிலிமில் உணர்ச்சி நன்றாகத் திரும்புகிறதே?

திரும்புகிறது. அதனால்தான் மேலே சொன்ன 1 செ.மீ. காயத்துக்கு ஃபிளாப் வேண்டாம் என்றேன்.

பயிற்சி மாணவர்: கட்டைவிரலின் உள்ளங்கைப் பக்கத் தோலை நுனிக்கு நகர்த்தும் மோபெர்க் ஃபிளாப்பை மற்ற விரல்களுக்குச் செய்யலாமா?

கூடாது. கட்டைவிரலின் முதுகுத் தோலுக்குத் தனி ரத்த ஓட்டம் உண்டு. மற்ற விரல்களில் முதுகுத் தோல் செத்துப்போகலாம்.

ஒரு நோயாளி: கட்டைவிரலைத் தொட்டால் நடுவிரலில் உணர்கிறேன்.

லிட்லர் ஃபிளாப். நரம்போடு நடுவிரலிலிருந்து எடுத்த தோல் அது; மூளை பழைய முகவரியையே சொல்கிறது. பயிற்சியில் குறையலாம், சிலருக்கு முழுதாக மாறாது.

வேறொருவர்: சிகரெட் இல்லை, புகையிலை மெல்லலாமா?

பீடிக்குச் சொன்னதைப் படியுங்கள். நிகோடின் வாய் வழியாகவும் ஏறும்.

இன்னொருவர்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட்?

வேண்டாம்.