எலியின் கல்லீரல் கதிர்வீச்சுக்குப் பிறகும் மாறாததுபோல் தெரிவது ஏன்?

கேள்வி: முதுநிலை விலங்கியல் ஆய்வுக்காக எலிகளின் உடல் முழுவதும் 4 கிரே (திசு ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) காமா கதிர்வீச்சு செலுத்தினேன். மூன்றாம் நாள் எடுத்த கல்லீரல் ஸ்லைடுகளில், கதிர்வீச்சு பெறாத எலிகளோடு ஒப்பிடப் பெரிய வேறுபாடு இல்லை. சில செல்களில் வெற்றுக் குமிழ்கள், ஆங்காங்கே இரட்டை உட்கரு, அவ்வளவுதான். செல்லைக் கேட்டிலிருந்து காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் மட்டும் குறைந்திருக்கிறது. அளவை 10 கிரேயாக உயர்த்தலாமா?

பதில்: உயர்த்த வேண்டாம். உடல் முழுவதும் 10 கிரே பட்டால் எலும்பு மஜ்ஜை அழிந்து, பெரும்பாலான எலிகள் 30 நாட்களுக்குள் இறந்துவிடும். அதற்குள் கல்லீரலில் தெரியும் ரத்தக்கசிவும் சீழ்ப்புள்ளிகளும் பெரும்பாலும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவதாலும், குடலிலிருந்து ரத்தத்தில் ஏறிய பாக்டீரியாக்களாலும் வருபவை. அவற்றைக் கதிர்வீச்சு நேரடியாகக் கல்லீரலுக்குச் செய்த கேடு என்று எழுதினால் ஆய்வும் தவறாகும். அத்தனை உயிர்களும் வீணாகும்.

உங்கள் ஸ்லைடுகள் அமைதியாக இருப்பது எதிர்பார்க்க வேண்டியதே. 4 கிரே என்பது ஒரு கிலோ திசுவுக்கு 4 ஜூல். அது திசுவை ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சூடாக்கும். கேடு முக்கியமாக டி.என்.ஏ. முறிவில் இருக்கிறது, சரியாகப் பழுதுபார்க்கப்படாத முறிவு, செல் பிரியும்போதுதான் செல்லைக் கொல்கிறது. மஜ்ஜையும் குடலின் உட்சுவரும் ஓயாமல் செல் பிரிப்பவை, ஆகவே சில நாட்களிலேயே சரிகின்றன. வளர்ந்த எலியின் கல்லீரல் செல்கள் மிக அரிதாகவே பிரிகின்றன. கதிர்வீச்சு பெற்ற கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தை வளரத் தூண்டிப் பார்த்தவர்கள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். அதுவரை இயல்பாகத் தெரிந்த செல்களில், மாதங்கள் கழித்தும்கூட, முறிந்த குரோமோசோம்களும், அவற்றின் துண்டுகள் தனியே ஒதுங்கிய நுண் உட்கருக்களும் வெளிப்படுகின்றன.

இனி அந்தக் குமிழ்கள். ஸ்லைடுக்காகத் திசுவைப் பாரஃபின் மெழுகில் பதிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. கொழுப்பு இருந்த இடம் வட்டமான, விளிம்பு தெளிந்த ஓட்டையாகத் தெரியும். கல்லீரல் சேமிக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் இருந்த இடமோ விளிம்பு மங்கி, பஞ்சுபோல் கலைந்திருக்கும். ஃபார்மலினில் போடத் தாமதமானாலும் செல் ஊதித் தெரியும். எனவே உறையவைத்த துண்டில் கொழுப்பைக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயமும், பாரஃபின் துண்டில் கிளைக்கோஜனைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயமும் ஏற்றிப் பார்க்காமல் அதற்குப் பெயர் சூட்டாதீர்கள். இரட்டை உட்கரு வளர்ந்த எலிக்கு இயல்பு. எந்தக் குழுவின் ஸ்லைடு என்று அறியாத ஒருவர் இரு குழுவிலும் எண்ணி, வேறுபாடு வந்தால் மட்டும் எழுதுங்கள்.

குளூட்டாதயோன்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கதிர்வீச்சுக்குப் பின் எலிகள் சில நாட்கள் சரியாக உண்பதில்லை. பட்டினி ஒன்றே கல்லீரல் குளூட்டாதயோனைக் கணிசமாகக் குறைத்துவிடும். நாளின் நேரத்தைப் பொறுத்தும் அது ஏறி இறங்கும். கதிர்வீச்சு பெற்ற எலி உண்ட அளவே உணவு கொடுத்த இன்னொரு ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. மூலிகைச் சாறு கதிர்வீச்சிலிருந்து கல்லீரலைக் காத்தது என்று வரும் கட்டுரைகளைப் படிக்கும்போதும் முதலில் இதைத் தேடிப் பாருங்கள். கதிர் செலுத்தும்போது எலிகளை அசையாமல் குழாயில் அடைத்திருந்தால், ஒப்பீட்டு எலிகளையும் அதே குழாயில், அதே நேரம், கதிர் இல்லாமல் அடைத்து வைத்தீர்களா என்பதும் முக்கியம்.

கல்லீரல்தான் கேள்வி என்றால், மயக்க மருந்து கொடுத்து, மற்ற பகுதிகளை ஈயத்தால் மறைத்து, கல்லீரல் பகுதிக்கு மட்டும் கதிர் செலுத்துங்கள். வலது சிறுநீரகம் கல்லீரலை ஒட்டியே இருப்பதால் அதையும் பரிசோதியுங்கள். முதல் நாள், முதல் வாரம், பின்பு சில மாதங்கள் என்று கால இடைவெளிகளை விரியுங்கள். பிந்தைய மாதிரிகளில் நார்த்திசுவுக்குச் சிரியஸ் ரெட் சாயம் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: கதிர்சிகிச்சை பெறும் மனிதர்களிடம் காணும், கல்லீரலின் மையச் சிரைகள் அடைபடும் நோய் எலிகளில் எளிதில் உருவாவதில்லை. நீங்கள் கண்டதை அப்படியே நோயாளிக்குப் பொருத்தி எழுதக் கூடாது.

திட்டத்தை மாற்றுவதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. விண்ணப்பிப்பதற்கு முன் கதிர்மூலத்தின் அளவீட்டுத் தேதியைக் கேளுங்கள். உங்கள் கதிர்மூலம் கோபால்ட்-60 என்றால், அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள், ஓராண்டுக்கு முந்தைய அட்டவணையை வைத்து நேரம் கணக்கிட்டிருந்தால், உங்கள் எலிகள் பெற்றது 4 கிரே அல்ல, ஏறக்குறைய 3.5 கிரே.